கமக்கட்டின் ஈரம்

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு.
ஏன் என்பதற்குக் கட்டம் இல்லை.
பதினொரு வருசமாய் நானும் கேட்பதில்லை.

இந்த வார்டுக்கு ஆட்கள் வெறுங்கையோடு வருவது குறைவு.
லேபல் கிழிந்த போத்தல்,
பால்மாப் பேணிக்குள் அடித்த விரியன்,
பாதி தின்ற பேத்தை மீன் கறி, சட்டியோடு.
ஒருமுறை குச்சவெளியிலிருந்து
பாம்பை உயிரோடேயே கொண்டுவந்தார்கள்.
சோமரத்ன கட்டில்மேல் ஏறி நின்றான்.

இன்றிரவு ஆறாம் கட்டில்.
மூதூர் முசம்மில். கடலுக்குப் போகிறவன்.
வாடைக்காற்றில் வள்ளம் இறக்க வழியில்லாமல்
தம்பலகாமத்து வயலில் கூலிக்கு மருந்தடித்தான்,
காற்றுக்கு எதிராக.
கடலில் இந்தப் பிழை விட்டிருக்கமாட்டான்.
முதுகில் கட்டிய தாங்கி கசிந்து சேட் நனைந்ததை
மழை என்று நினைத்தானாம்.

ஒன்று பத்து. கண்மணி குண்டூசித் தலை.
நெஞ்சில் குழாய் வைத்தால் அலையடிக்கிற சத்தம்.
கமக்கட்டுக்குள் கைவிடுகிறேன். ஈரம்.
இன்னும் அற்றோப்பின்.
ஒன்று இருபது. ஈரம்.
ஒன்று முப்பத்தைந்து,
பக்கத்துக் கட்டிலில் வாந்தி, ஐந்து நிமிசம் பிந்திவிட்டேன்.
ஈரம்.
மெசின் எத்தனை இருந்தாலும்
இதை விரல்நுனிதான் சொல்லவேண்டும்.
காய்ச்சல் என்று மகள் படுத்தாலும்
என் கை நெற்றிக்குப் போகாமல் அங்கேதான் போகும்.
அவள் கூசிச் சிரிப்பாள்.

மூன்று மணிக்குக் காய்ந்தது.
காய்ந்ததும் பிதற்றத் தொடங்கினான்;
மருந்தின் வேலை, தெரிந்ததுதான்.
காற்றில் நூல் பிடித்தான். கண்ணி எண்ணினான்.
இல்லாத ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
"புள்ள, அந்தத் தலப்பக் கொஞ்சம் புடிங்க" என்றான்.

கையைக் கட்டி வைக்கலாம். துணிப்பட்டி இருக்கிறது.
நான் தலைப்பைப் பிடித்தேன்.
இழுத்தான், விட்டேன், இழுத்தான்.
சேலைன் கம்பிக்கும் ஜன்னலுக்கும் நடுவே
பத்து நிமிசத்துக்கு ஒருமுறை கமக்கட்டையும் பார்த்துக்கொண்டு
விடியும்வரை ஒரு வலையைப் பொத்தினோம்.

காலையில் கேற்றடியில் மான்கள்
வடை சுற்றிய கடதாசியை மென்றுகொண்டு நின்றன.
அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை.
பிளேன்ரீ கேட்டான், சீனி கூடப் போட்டு.

ஹிதாயா வந்து சேட்டைக் கேட்டாள்.
இரட்டை முடிச்சுப் போட்ட பையைக் காட்டினேன்.
தோய்த்தாலும் போகாது,
கிணற்றடிக்குக் கொண்டுபோகக் கூடாது என்றேன்.
தலையாட்டினாள். ஆனாலும் போகவில்லை,
பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"பெருநாளைக்கு எடுத்தது, மிஸ்."