ஒரு முழம்

காம்பராவின் நடுவிட்டத்தில் ஒன்று,
கல்சுவரை ஒட்டி ஒன்று,
இரண்டு பிளாஸ்டிக் குவளைகளைக்
கட்டித் தொங்கவிட்டுப் போனாள் அந்தப் பிள்ளை.
பேராதனையில் படிக்கிறாளாம். பெயர் இமேஷா.
தமிழ் கொஞ்சம் தடுக்கி விழுந்து எழும்பும்.
"மூணு மாசம், அக்கா. தொட வேணாம்.
கழுவவும் வேணாம்."

கழுவ வேணாம் என்று
என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

குவளைகள் ஒன்றும் செய்யவில்லை.
அடுப்புப் புகையில் கறுத்தன.
கோகிலன் ஒருநாள் விளக்குமாற்றுக் கட்டையால்
எட்டித் தட்டப்போய் முதுகில் வாங்கினான்.
மாமா மட்டும் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:
"நம்ம மூச்சையும் நிறுக்கப் போறானுகளா?"
நிறுத்தாலும் நிறுப்பான்.
சாக்குக்கு ரெண்டு கிலோ, தண்ணிக்கு ரெண்டு கிலோ
கொழுந்தில் கழிக்கிற தோட்டம் இது.
மூச்சில் எதைக் கழிப்பான்?

பொகவந்தலாவை மேல்டிவிசனில்
புல் வெள்ளையாய் விறைத்துக் கிடந்த காலையில்
திரும்பி வந்தாள்,
டிக், டிக் என்று முனகும் ஒரு பெட்டியோடு.
கோயிலடியில் டிக்.
பிள்ளைமடுவத்தில் டிக்.
ஸ்டோரில் அடுக்கியிருந்த சிவப்புப் பொட்டாஷ் மூட்டையில் வைத்தாள்,
பெட்டிக்குக் காய்ச்சல் கண்டதுபோல்
படபடவென்று பொரிந்தது.
பத்து வருசமாய் அந்த மூட்டையைத்
தலையில் சுமந்தவர் என் வீட்டுக்காரர்.
அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தாள்.
"இது கிழங்குலயும் இருக்கு, அண்ணா,
வாழைப்பழத்துல இருக்கு, உங்க சதையில இருக்கு.
ஒரு ஆளுக்குள்ள நொடிக்கு நாலாயிரம் தடவை வெடிக்கும்.
பயமில்ல."

நொடிக்கு நாலாயிரம்.
பிரட்டுக்களத்தில் நின்றாலும் தூங்கினாலும்
நிற்காத வேலை,
ஒன்றுக்குக்கூடச் செக்ரோலில் பேர் விழவில்லை.

அப்புறம் சுவருக்கு வந்தாள்.
வெள்ளைக்காரன் காலத்தில் மலையை உடைத்து
அடுக்கிய கல்.
கல்லுக்குள் தோரியம்,
பூமி பிறந்தபோதே குடிவந்தது.
அதிலிருந்து ஒரு வாயு கசிகிறது,
வாசமில்லை, நிறமில்லை.
ஒரு நிமிசம் ஆகுமுன்னே பாதி செத்துவிடும்,
அதனால் தூரம் நடக்காது.
நடுக்குவளை நல்ல பிள்ளை.
சுவர்க்குவளைதான் கொஞ்சம் கூடக் காட்டுதாம்.

யன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாள்.
யன்னல் ஆணியடித்த பலகை, திறந்தால் பனி,
சின்னவளுக்கு ஏற்கெனவே இழுப்பு.
சுவரைப் பூசினால் குறையும் என்றாள்.
பூசுவது துரையின் காரியம்.
கூரைத் தகரத்துக்கு எழுதிய கடுதாசியே
இரண்டு மழை கண்டும் ஆபீசில் காய்கிறது.
அவளுக்கே சங்கடமாகிவிட்டது.
கடைசியாய்க் கையை நீட்டிக் காட்டினாள்:
"அப்ப சுவருலருந்து இவ்வளவாவது
தள்ளிப் படுங்க."

முழங்கை முதல் விரல்நுனி வரை. ஒரு முழம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஆறு பேர்.
அன்றிரவு பாயை இழுத்தோம், பெட்டியை நகர்த்தினோம்,
மாமா இஸ்தோப்புக்குப் போகிறேன் என்றார், விடவில்லை.
அவர் கால் அடுப்படியில்,
கோகிலன் தலை என் வயிற்றில்,
பெரியவள் குறுக்கே, சண்டைக்குத் தயாராய்.
ஒருவர் திரும்பினால் எல்லாரும் திரும்ப வேண்டும்.

விளக்கை அணைத்த பிறகும்
எனக்குத் தூக்கம் வரவில்லை.
சுவரோரம் நீளமாய் வெறுமையாய்க் கிடந்தது
அந்த ஒரு முழம்.
கல்யாணமாகி வந்த நாளிலிருந்து
இந்தக் காம்பராவில் நான் பார்க்காத காலி இடம்.
கல்லிலிருந்து வந்து
ஒரு நிமிசம்கூட முழுதாய் இருக்கத் தெரியாத ஒன்று
அங்கே தனியாய்க்
கை காலை நீட்டிப் படுத்திருந்தது.