ஒன்று

கேம்ப் ஆபீசில் கேட்டார்கள், என்ன வேலை?
டிரைவர் எழுதுகிறேன் என்றேன்.
டிரைவர் என்று எழுதிக்கொண்டு
லைட்டா ஹெவியா என்றார்கள்.
பக்கத்தில் நின்ற சூசை மிக்கேல் விழுந்து விழுந்து சிரித்தான்.
அவன் ஹெவி.
ஃபுஜைராவிலிருந்து மலையேறி
மசாஃபி வழியாகத் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவன்.

என் வண்டி நகராது.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
உறிஞ்சுகுழாயின் வாயருகே
உப்பை அளக்கிற ஒரு விரல்நீளக் கருவி.
வேலை இல்லாதபோது தூங்கும், பேட்டரி மிச்சம்.
பத்து நிமிடத்துக்கொரு தரம் என் கோட் அதை எழுப்பும்.
எழுந்தால் சுழியம் சொல்லும்.
முடியாவிட்டால் கழித்தல்குறி போட்டு ஓர் எண்.
இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஆகஸ்டில் ஒரு நண்பகல்,
நிழலிலேயே நாற்பத்தெட்டு,
கழித்தல் நூற்றுப்பத்து என்றது. நேரம் கடந்துவிட்டது.
அன்றிலிருந்து இரவும் பகலும் அலாரம்,
கருவி எழவில்லை, கருவி எழவில்லை.
தில்பகதூர் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி ஏணியில் இறங்கினான்.
பச்சை விளக்கு எரிகிறது.
"சாப், ஜிந்தா ஹை."
பிழிந்தால் ஒரு வாளி தேறும் அவன் சட்டையில்.
கேபிளை மாற்றினோம். விளக்கை மாற்றினோம்.
ஜெர்மன்காரனுக்கு மெயில் போட்டோம்.
சுழியம் இல்லையென்றால் தோல்வி
என்று நான் எழுதிய வரியை மட்டும்
யாரும் தொடவில்லை.

ஏழாம் ராத்திரி,
மூணு மணிக்கு எழுப்பிவிடுடா என்றிருந்த சூசையை அழைத்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தான்.
"முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."
எப்ப எழுந்த?
"தூங்குனாத்தானல எழ."

போனை வைத்துவிட்டு
மானுவலில் நான் தாண்டிப்போன அடிக்குறிப்புக்குத் திரும்பினேன்.
ஒன்று என்றால்
ஏற்கெனவே விழித்திருக்கிறேன்.

ஒன்று ஒன்று என்று அது சொல்லச் சொல்ல
செத்துவிட்டதாய் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வரியும் அங்கேயே இருந்தது.
எழுப்புகிறவர்களைக் கருவி எண்ணும்.
எழுப்பினால் ஒன்று ஏறும்.
போதும், போ என்றால் ஒன்று இறங்கும்.
சுழியத்துக்கு வந்தால்தான் தூக்கம்.
எழுப்புவது தோற்றாலும் ஏறும்.

தோற்றது என்று கோபித்துக்கொண்டு திரும்பிய நான்
போ என்று ஒருமுறையும் சொல்லவில்லை.
கணக்கைத் திறந்து பார்த்தேன்.
ஆயிரத்தெட்டு.
ஊரில் அர்ச்சனைக்குச் சொல்கிற எண்.

திருத்தியது இரண்டே வரி.
சுழியத்துக்குக் கீழே போனால்தான் தோல்வி.
தோற்றாலும், திரும்புமுன் ஒன்றைக் குறை.
காலை ஐந்துக்குப் பச்சை விளக்கு அணைந்தது.
தில்பகதூர் பதறி போன் செய்தான்.
தூங்குது, விடு என்றேன்.

சூசையை எழுப்புகிறவர்களை நினைத்துப் பார்த்தேன்.
டிஸ்பாட்ச்காரன்,
மூத்தவளின் காலேஜ் ஃபீஸ்,
வட்டிக்குக் கொடுத்த மச்சான்,
நான்.
அன்றிரவு செய்தி போட்டேன்.
இனி நான் கூப்பிடமாட்டேன், தூங்கு.

"லோடு யாருல எடுப்பா, ஒங்கப்பனா?"
பின்னாலேயே ஒரு சிரிப்பு முகம்.

மணி இரண்டு நாற்பது.