ஒன்பதாம் கேள்வி

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்
வலிக்கு ஒரு எண் சொல்லுங்கள் என்றார்
மன்னார்குடி ஆஸ்பத்திரி மனநல டாக்டர்.

கோரையாற்று மதகில் பதினேழு வருஷம் லஸ்கர் நான்.
இரண்டு வேளையும் அளவுப் பலகை பார்த்து
அடி, அங்குலம் எழுதுகிறவன்.
ஏழு என்றேன்.
குனிந்தால்?
அதை ஷட்டர் சக்கரத்திடம் கேட்க வேண்டும்.

முன்பு பார்த்தவர்கள்
ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து
ஒன்றுமில்லை, மனசுதான் என்றார்கள்.
பொய்க்கணக்கு எழுதிப் பிடிபட்டவனாக
பஸ்ஸில் நின்றபடியே ஊர் வந்தேன்.
உட்கார்ந்தால் இடுப்பு.

இவர் தூக்கம் கேட்டார், பசி கேட்டார்.
ஒன்பதாவதாக,
செத்துப்போனால் தேவலை என்று
இந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்?

வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள்.
என்னுடையது இல்லை.

மதகு மேல் கைப்பிடி உடைந்த இடம்
ஒன்று இருக்கிறது என்றேன்.
எண் கேட்டவருக்கு இடம் சொன்னேன்.

பேனாவை மூடினார்.
வலியும் நிஜம், இதுவும் நிஜம்,
இரண்டையும் பார்ப்போம்.
கூட வந்தவரை உள்ளே அழைக்கட்டுமா?

ராத்திரிக்கு அரை மாத்திரை.
வியாழன்தோறும் பேச்சு.
இரவு முறைக்கு
மைத்துனன் துரைக்கண்ணுவும் வருகிறான்,
பீடியும் டார்ச்சுமாக.

இன்று காலை
நாலடி இரண்டங்குலம்.
பக்கத்தில், யாரும் கேட்காமலே,
ஆறு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
ஆறரை.