அந்த ஒரு புள்ளி

மூன்றாமிடம்.
ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்.
நாலாவதாக வந்தவர்கள்
காகிதத்தை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்கள்,
பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு இப்படியொரு கோப்பை இதுவே முதல்.
இருக்கைக்கு அடியில் நுழையவில்லை.
போர்வை சுற்றி
மேல் படுக்கையில் கிடத்தினோம்.
ஒரு கைப்பிடி கொடுக்கும்போதே ஆடிக்கொண்டிருந்தது.

குண்டூரில் தொடங்கிய வாக்குவாதம்
ரேணிகுண்டா தாண்டியும் ஓயவில்லை.
அந்த ஒரு புள்ளி யாருடையது?

என்னுது, என்றான் தீர்த்தகிரி.
கடைசி வாய்ப்பில் அவன் சங்கிலிக்குண்டு
ஒரு சாண் தூரம் கூடப் போயிருக்காவிட்டால்
இந்நேரம் வெறுங்கையோடு வந்திருப்போமாம்.
"வலையில அடிச்சத எல்லாம் சேத்து அளந்தாங்களா?"
என்றாள் மேல்விஷாரம் ஷபானா.
அவள் பையில் வெள்ளிப் பதக்கமே இருந்தது.
ஆனாலும் அந்த ஒரு புள்ளியும் வேண்டும்.
கணுக்காலில் ஐஸ் கட்டிக்கொண்டிருந்த எபினேசர்
சித்தூர் வந்த பிறகுதான் பேசினான்:
"ஒன்னு தொண்ணூத்தெட்டுல குச்சி
ஆடி ஆடி, விழாம நின்னுச்சே,
அந்தப் புள்ளி குச்சிக்குத்தான் சேரும்."

நான் வாயைத் திறக்கவில்லை.
என் போட்டியை யாரும் பார்த்திருக்கவில்லை.

நடைப் போட்டி காலை ஆறு மணிக்கு.
சிறப்பு விருந்தினர் வர இன்னும் நாலு மணி நேரம்.
மைக்செட்காரர் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.
இருபத்தைந்து சுற்று,
எண்ணுவதற்கு ஒரு ஆள்,
அவருக்கும் கொட்டாவி.

ஓடுகிறவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.
நடக்கிறவளைப் பார்த்தால் சிரிப்பு.
முட்டி மடங்கக் கூடாது,
ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும்,
மிச்சத்தை இடுப்பு பார்த்துக்கொள்ளும்.
திருவலம் இரும்புப் பாலத்தில்
விடியும் முன் பழகுவேன்.
கீழே பொன்னையாற்றில் அப்போது
மணல் போய்க்கொண்டிருக்கும், லாரியில்.
சிப்காட் ஷூ கம்பெனி வேன்
பக்கத்தில் வந்ததும் மெதுவாகும்.
"ஏம்மே வாத்து,
இடுப்ப ஒடச்சிக்கினு எங்க போற?
ஏறிக்க, எறக்கி உட்றோம்."

ஒருநாள் அந்த வேன் பாலத்து முனையில் நின்றுவிட்டது.
அஞ்சு நிமிஷம் தாமதமானால்
அரைநாள் சம்பளம் போச்சு.
இருபது பெண்கள் இறங்கினார்கள்.
சேலையோடு ஓட வெட்கம்,
நிற்கவோ நேரமில்லை.
டிபன் டப்பா தொடையில் இடிக்க இடிக்க
அத்தனை பேரும்
என் நடையை நடந்தார்கள்.
அன்று நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன்.

பதினாறாவது சுற்றில் எனக்கு முதல் சிவப்பு அட்டை.
பத்தொன்பதில் இரண்டாவது.
மூன்று விழுந்தால் வெளியே.
குதிகாலைத் தரையில் ஆணி அடிப்பதுபோல் வைத்தேன்.
ஏழாவதாக வந்துகொண்டிருந்தேன்.
முன்னால் ஒருத்தி, பச்சை பனியன், எண் 232.
இரண்டு சுற்றாக அவள் முதுகைத்தான் பார்த்திருந்தேன்,
வியர்வை அதில் ஒரு தீவு வரைந்திருந்தது.
இருபத்து மூன்றாவது சுற்றில் நடுவர்
அவள் எதிரே வந்து நின்று அட்டையைக் காட்டினார்.
இரண்டு காலும் தரையில் இல்லாத ஏதோ ஒரு நொடி.
என் கண்ணுக்குத் தெரியவில்லை.
அவர் கண்ணுக்குத் தெரிந்தது.
அவள் புல்லில் போய் உட்கார்ந்தாள்.
ஷூவைக் கழற்றி,
ஒன்றுமில்லாத ஷூவைத் தட்டினாள்.

அதனால் நான் ஆறாவது.

காட்பாடியில் இறங்கியபோது மணி இரண்டே முக்கால்.
வருவதாகச் சொன்ன வேன் வரவில்லை.
டீ வாங்கிக் கொடுத்தபடி தீர்த்தகிரி கேட்டான்:
"வாத்து, உன்னுது இன்னா ஆச்சி?"
"ஆறாவது."
"ஆறாவதுக்குப் புள்ளி உண்டா?"
"ஒன்னு."
ஷபானா கோப்பையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.
"அப்ப அது உன்னுதா?"

இல்லை என்றேன்.
நம்பவில்லை யாரும்,
அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எபினேசர் நொண்டிக்கொண்டே
கோப்பையைத் தூக்கினான்.
கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.
யார் உடைத்தது என்று
அங்கேயே அடுத்தது ஆரம்பித்தது.