அரை மார்க்

போன ஆனியில்
எங்கள் காபிக்கு எண்பத்து மூன்றரை போட்டவர்
ஹோபார்ட்டில் இருக்கிறார்.
‘பின்சுவையில் சாக்கு வாடை’ என்று
ஒரே வரி எழுதி
அரை மார்க்கைப் பிடித்துக்கொண்டார்.
எண்பத்து நாலு வந்திருந்தால்
கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட.
அந்த அரையை
இன்னும் நாக்கில் வைத்திருக்கிறேன்.

இன்று பெனடிக்ட் வந்திருக்கிறான்,
அதே ஊர்க் குளிரிலிருந்து
ஆறு பாட்டில்களோடு.
திராட்சைத் துளிரில் பனி உறையாமல்
ராத்திரியெல்லாம் ராட்சசக் காற்றாடி சுற்றுவது
அங்கே அவன் வேலை.
குழந்தைவேலு கேட்டார்:
“தாஸ்மேனியாவா?
நம்ம டாஸ்மாக்குக்கு அக்காவா, தங்கச்சியா?”

பேர் தெரியாதபடி தினத்தாள் சுற்றினோம்.
ஒன்றின் மேல் ஜவுளிக்கடை விளம்பரம்,
ஒன்றின் மேல் மேட்டூர் அணை நீர்மட்டம்.
காபி ருசிக்கும் மேசை,
காபிக்கு அச்சடித்த படிவம்,
துப்புவதற்கு அதே அலுமினியக் குண்டான்.
வெளியே நாகலூர் சாலையிலிருந்து வந்த மூடுபனி
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடிகளை
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.

முதலாவது: நார்த்தங்காய்த் தோல்.
நகம் பட்டதும் கண்ணில் தெறிக்குமே, அது.
எண்பத்தெட்டு.

இரண்டாவதில்,
ஆத்தூர் சாலையில் சேகோ ஆலை வந்ததும்
பஸ் ஜன்னலைச் சாத்துவோமே,
அந்தப் புளிப்பின் ஓரம்.
“குறையில்லை அது, ஈஸ்ட்” என்றான் பெனடிக்ட்.
“அதுக்குத்தான் விலையே.”
“அப்படின்னா என் சாக்கு வாடைக்கும்
ஒரு விலை சொல்லு.”
சிரித்தான். சொல்லவில்லை.

மூன்றாவதைத் துப்பினேன்.
குழந்தைவேலு துப்பவில்லை;
முதலிலிருந்தே துப்பவில்லை.
அவர் படிவத்தில் எல்லாமே தொண்ணூறு.
இன்னும் திறக்காத ஐந்தாவதுக்குத்
தொண்ணூற்றிரண்டு.

மாதையன் மட்டும் குடிக்கவில்லை.
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கவேண்டும் அவன்.
நான்காவது கிளாஸில் மூக்கை மட்டும் வைத்தான்.
வைத்தபடியே நின்றான்.
“மேக்னசைட் பக்கம்
வெள்ளைக்கல் ஏத்திட்டு நிக்கற லாரி மேல
தூறல் விழுந்த மாதிரி இருக்குங்க.
அப்புறம் நாவப்பழம்.
மரத்துல இருக்கறது இல்ல,
கீழ விழுந்து ஒரு பக்கம் மண்ணு ஒட்டுனது.”

பதினேழு வருடம் நாக்கைப் பழக்கியவள் நான்.
வெற்றிலை இல்லை, பச்சைப் பூண்டு இல்லை,
ஜலதோஷம் வந்தால் சம்பளமும் இல்லை.
உறிஞ்சினேன்.
லாரி இருந்தது. தூறல் இருந்தது.
ஒட்டிய மண்ணும்.

எண்பத்து மூன்றரை போடத்தான்
காலையிலேயே பென்சில் சீவி வைத்திருந்தேன்.
எந்த பாட்டில் என்றில்லை,
நன்றாக இருக்கும் ஒன்றுக்கு.
‘பின்சுவையில் சாக்கு வாடை’:
வரிகூடத் தயார்.
எட்டு விழுந்தது.
மூன்றின் மேல் வளைவும் விழுந்தது.
அங்கேயே நின்றது பென்சில்.

“காபியை ஆறவிட்டுத்தான் கேட்பேன்,” என்றேன்,
நேரம் கடத்த.
“சூட்டில் எல்லாக் காபியும் நல்ல காபி.”
“இது நேர் எதிர். குளிர் விடணும்.
உள்ளங்கையில வை.”

வைத்தேன்.
ஹோபார்ட்டில் அந்த மனுஷன்
என் காபியை எத்தனை நிமிடம் ஆறவிட்டிருப்பான்?
மதியம் மீன் தின்றிருந்தானோ?
பொண்டாட்டியோடு சண்டையோ?
இல்லை,
சித்திரை மழையில் குடோன் ஓடு ஒன்று ஒழுகியதே,
மூட்டையைத் திருப்பிப் போட்டு
நானும் குழந்தைவேலுவும் வாய் திறக்கவில்லையே,
அதைத்தான் அவன் நாக்கு
அவ்வளவு தூரத்தில் தொட்டதோ?

கை சூட்டில் கிளாஸ் வியர்த்தது.
மறுபடி ஒரு வாய்.
இந்த முறை துப்பவில்லை.

எட்டை அழித்து ஒன்பது.
மூன்றை முடித்தேன்.
அரையையும் போட்டேன்,
மாதையன் சொன்ன மண்ணுக்கு.
அவன் அதற்குள் வண்டியைத் திருப்பி
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்,
இருட்டுகிறது என்று.

குண்டானை மிளகுக் கொடியடியில் கவிழ்த்தேன்.
நாளைக்கு ஓடு மாற்ற
ஆள் சொல்லவேண்டும்.