வணிக மதிப்பு இல்லை

ஜெகதேவி ரோட்டில் எங்கள் கிரானைட் பட்டறை.
நான் கல் அறுப்பதில்லை, கல்லுக்குக் காகிதம் எழுதுகிறேன்.
நீளம், அகலம், கனம், மரப்பெட்டி எண்,
போய்ச்சேரும் நாடு.
போய்ச்சேரும் நாடு பெரும்பாலும் ஜெர்மனி.
கறுப்புக் கல். அங்கே அது யாருடைய தலைமாட்டிலோ நிற்கும்.

ஜெனரேட்டர் ஷெட்டுக்குக் குழி தோண்டியபோது
பலகைக்கல் ஒன்று வந்தது.
எங்கள் மலைக்கல்தான், பாலிஷ் காணாதது.
மேல்பாதி உடைந்து எங்கோ போயிருந்தது.
மிச்சத்தில் இரண்டு வரி இங்கிலீஷ்.
பீரங்கிக்காரன் என்று ஒன்று,
அதற்குக் கீழே, இன்னும் ஆழமாக,
ஓர் அல்மெயின்.

அலமாரியா என்றான் லோடுமேன் பசப்பா.
அலுமினியம் என்றார் போர்மேன்.
நாகவேணி அதன்மேல் டிபன் கேரியரை வைத்தாள்.
மட்டமாக இருந்தது. மூன்று மாதம் அப்படியே இருந்தது.

சாம்பார் சொட்டிய எழுத்துகளை
நான் தமிழில் கூட்டிப் பார்த்தேன்.
அல் என்றால் இரவு. அல் என்றால் அல்லாததும்.
மெய் உடம்பு. மெய் உண்மை.
இரவின் உடம்பு.
உடம்பு அல்லாதது.
தப்பான அர்த்தம் என்று தெரியும்,
குழிக்குள் கிடந்த கல்லுக்கு
அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

மாசியில் வந்தார் ஹார்ட்மூட்,
ஸ்லாப்மேல் தண்ணீர் ஊற்றி மயிரிழைக் கீறல் தேடுகிற பையர்.
டிபன் கேரியர்களை ஒவ்வொன்றாய் எடுத்துத் தரையில் வைத்தார்.
போனில் தேடினார், நெடுநேரம்.
பிறகு தன் நெஞ்சைத் தொட்டு
நான், என்றார்.
பழைய இங்கிலீஷ்காரர்கள் எங்களைச் சொன்ன சொல்.
இப்போது அவர்களுக்கே தெரியாது.
எங்களை நாங்கள் அப்படிச் சொல்லிக்கொண்டதே இல்லை.

அப்போ ஜெர்மன்?
அதுவும் நாங்கள் வைத்ததில்லை என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி
இரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான்.
ஹாஸ்டலில் எனக்கும் ஒரு சொல் இருந்தது.
இங்கே எழுத மாட்டேன்.
அம்மாவிடம் தெலுங்கு பேசுவதற்கு
இந்தப் பக்கம் வேறொரு சொல்.
நாளைக்கு எனக்கொரு கல் நட்டால்
எது மிஞ்சும் என்பது
கல் எந்த இடத்தில் உடைகிறது என்பதைப் பொறுத்தது.

டீ குடிக்கும்போது சொன்னார்,
எங்கள் ஊரில் புதைகுழிக்குக் குத்தகை உண்டு,
இருபத்தைந்து வருஷம்,
கட்டாவிட்டால் கல்லைப் பெயர்த்துவிடுவார்கள்.
நான் அனுப்பிய பெட்டிகளை மனசுக்குள் எண்ணினேன்.
இவனோ ஒரு பைசா கட்டாமல்
கீழே எங்கேயோ படுத்திருக்கிறான்,
தலைக்குமேல் ஜெனரேட்டர் அதிர.

கல்லைத் தருவீர்களா என்று முதலாளியிடம் கேட்டார்.
எண்பது கிலோ, அடுத்த கன்டெய்னரில் ஓர் ஓரம் போதும்.
முதலாளி என் பக்கம் திரும்பினார்.
சாம்பிள்னு போடும்மா.
வணிக மதிப்பு இல்லைன்னு போடு.

வாட்ச்மேன் திம்மராயன் கேட்டைச் சாத்தியபடி,
"ஆளை இங்கயே உட்டுட்டு
பேரை மட்டும் பொட்டியில போட்டு அனுப்புவீங்களா?"
அது பேரே இல்லண்ணா என்றேன்.
"அவனுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதானே."

பட்டியலில் பதினேழாவது வரி.
சரக்கின் விவரம் என்ற கட்டத்தில் கர்சர் துடித்தது.
பக்கத்தில், உற்பத்தியான நாடு.
கல் இந்தியா.
சொல் இங்கிலாந்து.
ஆளுக்குக் கட்டம் இல்லை.

பதினாறோடு நிறுத்தி பிரின்ட் கொடுத்தேன்.
முதலாளி எண்ணிப் பார்க்கவில்லை.
விடிவதற்குள் கன்டெய்னர் வாணியம்பாடி தாண்டியிருக்கும்.

நாகவேணி இப்போதும் அதன்மேல்தான் கேரியரை வைக்கிறாள்,
எழுத்தை விட்டுக்
கொஞ்சம் தள்ளி.