சீட்டு விழுந்தவர்

பதினொன்றுக்குப் பதினொன்று.
இருபத்து மூன்றாவது கை
ஆஸ்பத்திரி ஒன்பதாம் வார்ட்டில்
சேலைன் ஏறக் கிடந்தது.

உதவி ஆணையாளர் ஜயசேகர மறுபடி எண்ணினார்,
விரலால் அல்ல, பேனா மூடியால்.
உயர்ந்த கைகளுக்கு இறங்க மனமில்லை.
ஜன்னலுக்கு வெளியே உட்துறைமுகத்தில்
ஒரு சிமெந்துக் கப்பல்
ஏற்றாமலும் இறக்காமலும் நின்றது.

சட்டம் சொன்னது: திருவுளச் சீட்டு.
நான் மொழிபெயர்ப்பாளர்.
கையெழுத்து வடிவென்று பெயர்களையும்
என்னையே எழுதச் சொன்னார்கள்.
ஒரே தாள், ஒரே மை, நாலாய் மடித்த இரண்டு துண்டு.
கனகேஸ்வரி. முபாரிஸ்.
பெட்டி கச்சேரியில், அதன் சாவி லீவில்.
ஆகவே கன்ரீனிலிருந்து பிஸ்கட் ரின் வந்தது,
அடியில் சீனித்தூளும் ஓர் எறும்புமாக.

குலுக்கினார்.
கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.
பிரிக்கவில்லை,
அதற்குள் எழும்பிவிட்டார் நவரத்தினசிங்கம்:
"ஒழுங்குப் பிரச்சினை, ஐயா.
எடுத்த சீட்டு வென்றவரா, விலக்கப்பட்டவரா?"

சுற்றறிக்கை என்னிடம் வந்தது.
'சீட்டு விழுந்தவர் வேறாக்கப்படுதல் வேண்டும்.'
எதற்கு வேறாக்குவது?
கதிரைக்கா, கதவுக்கா?
சிங்களத்திலும் அதே மூட்டம்.

விழுந்தவர்.
மாமரத்தால் விழுந்தவருக்குக் கால் போகும்.
எங்கள் கந்தோர்ச் சீட்டு எனக்கு விழுந்தது
போன வைகாசியில், பிரிட்ஜ் வாங்கினேன்.
இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு
ஒரு ஊரை எந்தப் பக்கம் சாய்க்க?

ஒரு பக்கம் 'வென்றவர்' என்றது.
ஆகவே மற்றப் பக்கம் 'விலக்கப்பட்டவர்' என்றது.
உள்ளே யார் பெயர் என்று
ஒருவருக்கும் தெரியாது.
தெரியாமலே தொண்டை கட்டக் கத்தினார்கள்.

வாக்குக்கு விட்டார் ஜயசேகர.
பதினொன்றுக்குப் பதினொன்று.

"இதுக்கும் ஒரு சீட்டுப் போடுவமா?"
கேட்டுவிட்டு, சித்தி றபீக்கா
தான் மட்டும் சிரித்தா.

கொழும்புக்கு அழைத்தால்
அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம்.
நாற்பது நிமிடம் அந்த மனிதர்
வலது கையைத் திறக்கவில்லை.
பிளேன்ரீயை இடக்கையால் குடித்தார்.
மூடிய விரல்களுக்குள்
குப்பை வண்டியும் தெருவிளக்கும்
மீன் சந்தையின் ஓட்டைக் கூரையும்
வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தன.

பதில் வந்தது: வென்றவர்.
பிரித்தார். கனகேஸ்வரி.
கை தட்டியது பதினொரு பேர்
(எண்ணினேன், பழக்கதோஷம்).
முபாரிஸ் போய்க் கதிரையை இழுத்துக் கொடுத்தார்.
அதன் கால் தரையில் கீறிய சத்தத்தை
அறிக்கையில் எழுத இடமில்லை.

மற்றச் சீட்டை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.
ரின்னைக் கழுவக் கொண்டுபோன பொடியன்
வாசலில் கவிழ்த்துத் தட்டினான்.
கோட்டைப் பக்கத்தால் வந்து நிற்கும் மான்களில் ஒன்று
அதை முகர்ந்தது,
சீனிக்காக மென்றது,
விழுங்கியது.

இரவு ஒன்பதாம் வார்ட்டிலிருந்து அழைப்பு.
"பிள்ளை, ரெண்டிலயும் வேற வேற பேர்தானே எழுதினது?"
"ஓம் ஐயா."

எழுதினேன். நினைவிருக்கிறது.
நினைவிருக்கிறது என்றுதான்
அறிக்கையிலும் போட்டிருக்கிறேன்,
மூன்று மொழியிலும்.